மூன்று பொட்டலமும் ஒரு மதுரை டாக்டரும்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். எட்டு வருடமாக ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். சந்தர்ப்பம் இல்லாமல் இல்லை. வாரத்தில் நாலு சாயங்காலம் உன் மருந்துக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஊரில் உள்ள எல்லாரைப் பற்றியும் பேசியவன்தான் நான். அந்த ஒன்றை மட்டும் பேசவில்லை. பங்குனியில் நீ போய்விட்டாய். இப்போது ஆனி. இனி நீ எதிரே நின்று சிரிக்கப் போவதில்லை என்பதால்தான் எனக்கு இவ்வளவு தைரியம் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

இன்று காலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நின்றவாக்கில் கண்ணில் சொட்டு மருந்து விட்டேன். கண் மூலையை அமுக்க மறந்துவிட்டேன். செத்த நேரத்தில் தொண்டையில் கசந்தது. உடனே உன் குரல் கேட்டது: "தொண்டையில கசக்குதுன்னா மருந்து கண்ணை விட்டுத் தப்பிச்சுட்டுன்னு அர்த்தம் மாப்ளே. கண்ணுல நிறுத்துறதுக்குத்தான் குடுத்தேன், குடிக்கதுக்கா?" நான் தனியாக நின்று சிரித்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். நான் முணுமுணுப்பது அவளுக்குப் பழக்கம். சிரித்தால்தான் என்னமோ ஏதோ என்று வந்து பார்க்கிறாள்.

உன் கடையை நினைத்தாலே முதலில் வருவது மணம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பால்கோவா கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் உன் கடை. காய்ச்சிய பாலும் புதுத் தோலும் ஸ்பிரிட்டும் கலந்து ஒரு மணம் வரும். அப்படி ஒரு மணத்தை நான் வேறெங்கும் முகர்ந்ததில்லை. ராஜபாளையத்தில் கல்லூரி விட்டு பஸ் பிடித்து இறங்கினால், வீட்டுக்குப் போகும் வழி மடவார் வளாகம் பக்கம். என் கால்கள் உன் கடைப் பக்கம் போகும். உள்ளே ஓரமாக ஒரு இரும்பு ஸ்டூல் கிடக்கும். அதில் உட்கார்ந்து என் துறைத்தலைவரைப் பற்றி ஆரம்பிப்பேன். எனக்கு வந்திருக்க வேண்டிய பதவி அது. பிறகு வீட்டின் முன்பாகத்தை எடுத்துக்கொண்ட என் அண்ணன். பிறகு என் கேட்டின் மேல் பைக்கைச் சாய்த்து வைக்கும் பக்கத்து வீட்டுக்காரர். நீ மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே கேட்பாய். "இது போன வாரம் சொன்னது மாப்ளே. புதுசா ஏதும் இருந்தா சொல்லு" என்பாய்.

நாம் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. நான் வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து வாத்தியாரானேன். நீ மருந்துக்கடைக்கான டிப்ளமோ படித்தாய். உன்னைவிட நான் ஒரு படி மேலே என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அதை நான் மறைத்ததும் இல்லை. நீ அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. வருத்தப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்திருக்கும்.

ஆனால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் சிரித்ததைப் போல வேறெங்கும் சிரித்ததில்லை. உன்னிடம் யாரும் மருந்தின் பெயர் சொல்லிக் கேட்டதே கிடையாது. "பச்சை மூடி போட்ட சொட்டு", "பல்லு விளக்குற பேஸ்ட் மாதிரி இருக்குமே, அந்தக் களிம்பு", "போன ஆடியில எங்க அத்தான் வாங்கினாகளே, அது". நீயும் அத்தானின் உயரம், மீசை எல்லாம் விசாரித்து, கடைசியில் சரியான மருந்தை எடுத்து வைப்பாய்.

தளவாய்புரத்திலிருந்து ஒரு அக்கா வருவார்கள், நினைவிருக்கிறதா? நைட்டி தைக்கிற யூனிட்டில் வேலை. நாள் முழுக்க ஊசியையே பார்த்துப் பார்த்து, பஞ்சுத்தூசும் சேர்ந்து, கண் காய்ந்து உறுத்தும். கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினார்கள். நீ சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்து, "இது மருந்துன்னு கூடச் சொல்ல முடியாதுக்கா. கண்ணீர் மாதிரி ஒரு தண்ணி. ஒரு நாளைக்கு நாலு தடவை விடுங்க. மிசினைப் பாத்துக்கிட்டே இருக்காம அடிக்கடி கண்ணைச் சிமிட்டுங்க" என்றாய்.

"கண்ணீரையுமா பாய் பாட்டில்ல அடைச்சு விக்கீக?"

"என்ன செய்ய. வீட்டுல மாமியா சும்மா வரவழைக்குது. உங்களுக்கு அது பத்தலைன்னு டாக்டர் எழுதியிருக்காரு."

அந்த அக்கா கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த மாதம் மாமியாரையே கூட்டிக்கொண்டு வந்து, "இவிகதான் பாய் அது" என்று காட்டினார்கள். மாமியாருக்கும் கண் காய்ந்திருந்தது. அவர்களையும் நீ டாக்டரிடம் அனுப்பி வைத்தாய்.

தேவதானத்து விவசாயி ஒருவர் இடுப்பைச் சுற்றிப் படர்தாமரையோடு வந்தார். ஏதோ ஒரு கடையில் யாரோ கொடுத்த டியூபைத் தடவித் தடவி, அது தட்டளவுக்குப் பெருகிவிட்டது. "போட்டா ரெண்டு நாள்ல அமுங்கிருது பாய். விட்டா திரும்ப வருது, முன்னைய விட எம்புட்டோ பெருசா" என்றார். நீ டியூபைத் திருப்பிப் படித்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல ஸ்டீராய்டு இருக்கு. அரிப்பை அது தூங்க வைக்கும். பூஞ்சைக்கு அது உரம். நீங்க வயலுக்குப் போடுத மாதிரி தெனம் ரெண்டு வேளை உரம் போட்டிருக்கீக" என்றாய். பிறகு அவர் சட்டையைத் தூக்கச் சொல்லி எட்டிப் பார்த்தாய். "டாக்டர்ட்ட போங்க. போறதுக்கு முன்னால அந்த அரைஞாண் கயிறை அறுத்துப் போடுங்க. கிருமி குடியிருக்கதே அதுலதான்."

அவர் முகம் மாறிவிட்டது. "கயிறு இல்லாம எப்படி பாய்? பொணத்துக்குத்தான கயிறை அறுப்பாக."

"வெள்ளியில போட்டுக்கோங்க. தெனம் கழுவலாம், காயும். இல்லைன்னா மாசம் ஒரு புதுக் கயிறு. கூடவே வீட்டுல யாருக்கெல்லாம் அரிக்கோ அவிய எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. நீங்க மட்டும் குணமானா அவிய திருப்பிக் குடுத்துருவாக."

மூன்று மாதம் கழித்து அவர் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து, உன் கடை நடுவில் சட்டையைத் தூக்கி வெள்ளிக் கொடியைக் காட்டினார். அப்போது கடையில் நின்றிருந்த இரண்டு டீச்சர்கள் அவசரமாகப் பக்கத்துப் பால்கோவா கடைக்குப் போனார்கள்.

இப்படி ஊராரின் இடுப்பையும் கண்ணையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நான், என் நெற்றியில் நடந்ததை உனக்குக் காட்டவில்லை. ராஜபாளையத்தில் கல்லூரிக்கு எதிரே உள்ள கடையில் நானே மருந்து வாங்கிக்கொண்டேன். நான் வேதியியல் வாத்தியார் அல்லவா.

எங்கள் வீட்டில் நாமம் இல்லாமல் யாரும் வாசல் தாண்ட மாட்டோம். எனக்கு நெற்றி நடுவில், சிவப்பு ஸ்ரீசூர்ணம் இழுக்கிற இடத்தில் மட்டும், அரிப்பு வந்தது. ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேர்க்கோடாகத் தோல் தடித்தது. அதையும் பூஞ்சை என்று நானே தீர்மானித்தேன். பூஞ்சை நேர்க்கோட்டில் வளராது என்று முதலாண்டு மாணவனுக்குக்கூடத் தெரியும். உடன் வேலை பார்ப்பவர் ஒரு டியூபின் பெயரைச் சொன்னார். மூன்று நாளில் நெற்றி சரியானது. அதைவிட, முகமே கொஞ்சம் வெளுத்துவிட்டது. "என்ன சார், இளமையாகிட்டே போறீங்க" என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னார்கள். அதனால் நெற்றியோடு நிறுத்தாமல் கன்னத்திலும் இமையோரத்திலும் தடவினேன். இரண்டு வருடம். கண் சிவந்து அரித்தபோது அதே கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். விட்ட ஒரு மணி நேரத்தில் கண் பளிங்காகிவிடும். அதையும் விடாமல் போட்டேன்.

ஒரு நாள் அந்தக் கடை பூட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் காலி டியூபையும் காலிச் சொட்டு பாட்டிலையும் கொண்டுவந்து உன் முன்னால் வைத்தேன். சாயங்காலக் கூட்டம். என் தெருக்காரர்கள் இரண்டு பேர் நின்றார்கள். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருந்த என் துறைத்தலைவர், தன் மனைவிக்குப் பிரஷர் மாத்திரை வாங்க நின்றுகொண்டிருந்தார். ஊரில் வேறு மருந்துக்கடையே இல்லாத மாதிரி.

நீ டியூபைப் பார்த்தாய். என் நெற்றியைப் பார்த்தாய். முதல் முறையாக உன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எம்புட்டு நாளா போடுதே?"

"ரெண்டு வருஷம் இருக்கும். எடு, பஸ்ஸுல வந்தது தலை வலிக்கு."

"சீட்டு எங்க?"

"எனக்கெதுக்குச் சீட்டு?"

நீ இரண்டையும் எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாய். "ரெண்டும் ஒரே சாதி மருந்து மாப்ளே, ஸ்டீராய்டு. களிம்பு உன் தோலைத் திங்குது. சொட்டு உன் கண்ணைத் திங்கும். கண்ணுக்குள்ள பிரஷர் ஏறும், உனக்கு ஒண்ணும் தெரியாது, வலிக்காது. ஓரத்துப் பார்வை போன பொறவுதான் தெரியும். போனது வராது. முதல்ல நெத்தியில போடுத அந்தச் செவப்பை நிப்பாட்டு. அரிப்பே அதுல இருந்துதான் வருது."

இவ்வளவையும் எல்லார் முன்னாலும் சொன்னாய். என் துறைத்தலைவர் திரும்பி என் நெற்றியை உற்றுப் பார்த்தார். எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. "எங்க நாமத்தைப் பத்திப் பேச நீ யாரு? உன் தொப்பியைக் கழட்டுன்னு நான் என்னிக்காவது சொல்லியிருக்கேனா?" என்று கேட்டேன்.

செருப்புக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். நீ தலையிலிருந்த தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, நிஜமாகவே யோசித்துச் சொல்பவன் போலச் சொன்னாய்: "தொப்பி எனக்கு அரிக்கலையே மாப்ளே."

எல்லாரும் சிரித்தார்கள். என் துறைத்தலைவர் மாத்திரைப் பையைக் கீழே விடுகிற அளவுக்குச் சிரித்தார். நான் இறங்கி நடந்தேன். நான் கேட்ட கேள்வி அசிங்கமானது என்று நடக்கும்போதே தெரிந்தது. நீ அந்த அசிங்கத்தை ஒரு சிரிப்பில் கரைத்துவிட்டாய் என்பதும் தெரிந்தது. ஆனால் நான் எடுத்துக்கொண்டது சிரிப்பைத்தான். என் பகைக் கணக்கில் அண்ணனுக்கு மேலே உன்னை வைத்தேன்.

நாலு நாள் கழித்து, ராஜபாளையம் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு கவரை நீட்டினார். "பாய் கடையில குடுத்து விட்டாக சார்." உள்ளே பேதி மருந்து மடிக்கிற மாதிரி மடித்த மூன்று பொட்டலம். மேலே 1, 2, 3 என்று எழுதியிருந்தது. ஒரு குட்டி பாட்டில் காலமைன். கூடவே பழைய பில்லின் பின்பக்கம் உன் கோழிக்கிறுக்கல் எழுத்தில் ஒரு சீட்டு.

"1 நீ இப்போ போடுவது. உன் வீட்டுப் பக்கத்துக் கடையில் வாங்கினேன். 2 வேறு கம்பெனி. 3 மாட வீதியில் ஒரு சாமி வீட்டில் செய்வது, மஞ்சளும் வெங்காரமும், சாயம் கிடையாது. இடது கை உள்பக்கம் மூன்று கோடு போடு. மேலே பிளாஸ்திரி. இரண்டு நாள் நனைக்காதே. எது தடிக்கிறது என்று பார். மதுரைக்குப் போய்க் கண் ஆஸ்பத்திரியில் பிரஷர் பார். கண்ணாடிக் கடையில் அல்ல. களிம்பை நிறுத்தினால் முதலில் முகம் எரியும், பயப்படாதே, தோல் டாக்டரைப் பார். எரிந்தால் காலமைன்."

கோபத்தில் கவரைப் பைக்குள் திணித்தேன். வீட்டுக்குப் போய், யாருக்கும் தெரியாமல், மூன்று கோடு போட்டேன்.

இதுதான் நான் உன்னிடம் சொல்லாத விஷயம். நான் போட்டுப் பார்த்தேன். ராஜபாளையத்து வெயிலில் இரண்டு நாள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். துறைத்தலைவர், "ஏதும் இன்டர்வியூவா?" என்று கேட்டார். மூன்றாம் நாள் ஆய்வகத்தின் ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பிளாஸ்திரியைப் பிரித்தேன். இரண்டாவதும் மூன்றாவதும் வெறும் கறை. முதல் கோடு மட்டும் கொசு வரிசையாக உட்கார்ந்து கடித்த மாதிரி எழும்பியிருந்தது. மஞ்சள் காரத்தில் சிவக்கும் என்று வருடா வருடம் அந்த அறையில்தான் பாடம் எடுக்கிறேன். கடைச் சிவப்பில் மஞ்சளே இல்லாமல் வெறும் சாயமாகவும் இருக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. உனக்குத் தோன்றியது. ஒரு முஸ்லிம் மருந்துக்கடைக்காரனுக்கு.

மதுரைக்குப் போனேன். கண்ணில் பிரஷர் ஏறியிருந்தது. டாக்டர் அம்மா, நான் எந்தச் சொட்டு விட்டேன், எவ்வளவு நாள் என்று கேட்டுவிட்டு, தலையில் கை வைத்தார். இடது கண்ணில் ஓரமாகக் கொஞ்சம் பார்வை போயிருந்தது. "இப்பவாவது வந்தீங்களே. இப்படியே விட்டிருந்தா ரெண்டு கண்ணும் போயிருக்கும். யார் அனுப்பினாங்க?" என்றார். "நானாத்தான் வந்தேன்" என்றேன்.

களிம்பை நிறுத்தியதும் நீ எழுதியபடியே முகம் எரிந்தது, தக்காளி போல வீங்கியது. மதுரையிலேயே ஒரு தோல் டாக்டரையும் பார்த்தேன். இரண்டு மாதம் நாமம் இல்லாமல், நெற்றியில் காலமைனோடு திரிந்தேன். அது காய்ந்தால் இளஞ்சிவப்பாகப் பட்டை பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் என் கேட்டில் சாய்ந்துகொண்டு, "என்ன சார், இது வடகலையா தென்கலையா? நான் பார்த்ததே இல்லையே" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்போது எழுதும்போது பேனா ஆடுகிறது, சிரிப்பில்.

மூன்றாம் நம்பர் பொடி செய்கிற மாட வீதிச் சாமியைத் தேடிப் போனேன். யாரோ சொன்னார்கள் என்று சொல்லி வாங்கினேன். நெற்றி துலங்கியது. ஊரெல்லாம் மதுரை டாக்டரின் கைராசி என்று சொன்னேன். ஒன்றரை வருடம் உன் கடைக்கு எதிர்ப் பக்கமாகவே நடந்தேன்.

அதன் முடிவில் வந்த ஆடிப்பூரத் தேரன்று, வடம் பிடிக்கிற கூட்டத்தில் நீ கடை வாசலில் தண்ணீர்ப் பந்தல் போட்டு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாய். மெட்ராஸ் ஐ பரவியிருந்த வருடம். பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி. நீ மோரோடு உபதேசமும் ஊற்றினாய்: "துண்டை மாத்தி மாத்தித் துடைக்காதீக. கண்ணைக் கசக்காதீக. வீட்டுக்கு ஒரு சொட்டுன்னு வாங்கி எல்லாரும் விடாதீக, அது நோயைப் பங்கு வைக்கது." கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு வந்து உன் முன்னால் நிறுத்தியது.

நீ என் நெற்றியைப் பார்த்தாய். மோர்த் தம்ளரை நீட்டினாய்.

"நெத்தி நல்லாருக்கே மாப்ளே."

"மதுரை டாக்டர்."

"ஓ. நல்ல டாக்டரு போல."

"ரொம்பக் கெட்டிக்காரர்."

"கண்ணையும் பாத்தாரா?"

"எல்லாம் பார்த்தார்."

"சந்தோசம். டாக்டர்னா அப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லி, அடுத்த தம்ளரை வேறொருவருக்கு நீட்டினாய். உன் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. மறுநாள் சாயங்காலம் நான் ஸ்டூலில் இருந்தேன். "துறைத்தலைவர் எப்படி இருக்காரு? ஒன்றரை வருசத்துப் பாக்கி இருக்கும்லா, ஆரம்பி" என்றாய்.

அதற்குப் பிறகு எத்தனை நல்ல சாயங்காலங்கள். கண் பிரஷருக்கு மதுரையில் எழுதிக் கொடுத்த சொட்டை விடத் தெரியாமல் நான் கன்னத்துக்கும் காதுக்கும் மருந்து ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து, என் தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை இழுத்துப் பை மாதிரி செய்து, "ஒரு சொட்டு போதும். அதுக்கு மேல கண்ணுல இடம் கிடையாது. மூடு. மூலையை அமுக்கு. ரெண்டு நிமிசம் உன் அண்ணனைப் பத்திப் பேசாம இரு" என்று நீ சொல்லிக் கொடுத்தாய். பாட்டில் திறந்த தேதியை நீயே பேனாவால் எழுதிவைப்பாய். தேதி தாண்டிய பாட்டிலை என் பையிலிருந்து கேட்காமலே எடுத்து எறிவாய். இந்த மருந்தை ஆயுசுக்கும் விட வேண்டும் என்று நான் சலித்துக்கொண்டபோது, "ஆயுசு முழுக்க ஒருத்தரைத் திட்டிக்கிட்டே இருக்க முடியுது, ஒரு சொட்டு விட முடியாதா?" என்றாய். கடையே சிரித்தது. அந்த முறை நானும் சிரித்தேன்.

ஒவ்வொரு நாளும் நாக்கு நுனி வரை வந்தது. நீ சொன்னதுதான் சரி, முதல் கோடுதான் தடித்தது, என் கண்ணைக் காப்பாற்றியது நீ. அவ்வளவுதான் வாக்கியம். உன்னிடம் சொல்லிவிட்டால் நீ ஜெயித்ததாகிவிடுமே என்று விழுங்கினேன். நீ இது தெரியாமலே போய்விட்டாய் என்று நினைத்துத்தான் மையவாடியில் உன்னை இறக்கும்போது நின்றேன். மண் போடச் சொல்லிக் கையில் கொடுத்தார்கள். போட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை பொடி வாங்க மாட வீதிக்குப் போனேன். சாமி பொட்டலம் மடித்துக்கொண்டே, "உம்ம சிநேகிதர் இல்லாமப் போயிட்டாரே. மாசம் பொறந்தா வருவார்" என்றார்.

"யாரு?"

"பாய்தான். வாசல்லயே நின்னுப்பார். 'வாத்தியாரு பொடி வாங்கிட்டுப் போனாரா சாமி'ன்னு கேப்பார். ஆமான்னு சொன்னா சிரிச்சுண்டே போயிடுவார். ஏழெட்டு வருஷமா."

அவரே தொடர்ந்தார்.

"மொதல்ல வந்தப்போ நான் ஆச்சரியப்பட்டேன். பாய், உமக்கு எதுக்கய்யா ஸ்ரீசூர்ணம்னு கேட்டேன். 'எனக்கில்ல சாமி, எனக்கு வேண்டிய ஒரு நெத்திக்கு'ன்னார். மாசாமாசம் வந்து விசாரிக்கிறதுக்கு நீரே வாங்கிண்டு போய்க் குடுத்துடலாமே ஓய்னேன். 'நான் குடுத்தா போட மாட்டான் சாமி. அவனாக் கண்டுபிடிச்சதாவே இருக்கட்டும். நெத்தி நல்லாருந்தா சரி'ன்னார்."

நீ தெரிந்தே வைத்திருந்தாய். மோர் ஊற்றியபோதும், மதுரை டாக்டரை நீ மெச்சியபோதும், அதற்குப் பிறகு நான் வருடக்கணக்காக அந்த டாக்டரின் கெட்டிக்காரத்தனத்தை வர்ணிக்க, நீ மாத்திரை எண்ணிக்கொண்டே "உம், உம்" என்று கேட்டபோதும். எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. சாமி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். எட்டு வருடமாக உன்னை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தவனை நீ ஸ்டூல் போட்டு உட்கார வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறாய். வேறு யாராவது எனக்கு இதைச் செய்திருந்தால் சாகும்வரை பேசியிருக்க மாட்டேன். உன் மேல் கோபப்பட எவ்வளவோ முயன்றேன். வரவில்லை. என் வாழ்க்கையில் நான் தோற்றதில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது இந்த ஒரு முறைதான்.

கடையை இப்போது உன் மகள் பார்த்துக்கொள்கிறாள். உன்னைவிட நன்றாகப் படித்தவள், உன்னைப் போலவே வாய். நேற்று ஒரு அம்மா, கல்யாணப் பெண்ணுக்கு முகம் வெளுக்க அந்தக் களிம்பைக் கேட்டார்கள். "தர மாட்டேன் அத்தே. மாலை மாத்தும்போது வெள்ளையா இருப்பா. தலைப் பொங்கலுக்குள்ள மூஞ்சி செவந்து, மீசையும் முளைக்கும். அப்போ உங்க சம்பந்தி எங்கிட்டத்தான் சண்டைக்கு வருவாக" என்றாள். அந்த அம்மா கோபித்துக்கொண்டு போனார்கள். நான் ஸ்டூலில் இருந்தேன். "மாமா, அவிய நாளைக்கு வருவாக பாருங்க" என்றாள். அவர்கள் இன்று சாயங்காலம் பெண்ணையே கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

என்னிடம் நீ விட்டுப்போனது என்னவென்று யோசித்தேன். இரண்டு கண்கள். இடதில் ஓரம் கொஞ்சம் குறைவு, மற்றபடி தேரின் உச்சிக் கொடி வரை தெரிகிறது. காலையும் இரவும் கண்ணை மூடி, மூலையில் விரலை வைத்து, யாரையும் திட்டாமல் இருக்கிற இரண்டு நிமிடம். ஒரு நாளில் அந்த நாலு நிமிடம்தான் நான் நல்ல மனிதன் என்று என் மனைவி சொல்கிறாள். அதை ஐந்தாக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

இதைக் கவரில் போட்டு உன் கடை முகவரி எழுதிவிட்டேன். உன் மகள்தான் பிரிப்பாள். இரண்டு வரி படித்தாலே யார் என்று தெரிந்துவிடும். தெரியட்டும். ஆனால் கீழே என் பெயரை எழுதினால் நான் பதிலுக்குக் காத்திருக்க ஆரம்பிப்பேன். ஒரு வாரம் பொறுப்பேன். இரண்டாவது வாரம், படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவள் மேல் ஒரு வருத்தம் வைப்பேன். மூன்றாவது வாரம் எதிர்ப் பக்கமாக நடப்பேன். என்னை எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு அது வேண்டாம், எனக்கும் அந்த ஸ்டூல் வேண்டும். அதனால் கையெழுத்துப் போடாமலே, நாளைக் காலை பஸ் ஏறுவதற்கு முன், இதைத் தபால் பெட்டியில் போட்டுவிடுவதென்று தீர்மானித்துவிட்டேன்.